இரட்டை வண்டித் தேர்வுக் குழு

படூரில் ‘சாந்தி சாகரம்’ என்று ஓர் அடுக்ககம் இருக்கிறது. விற்கும்போது மாடியில் நின்றால் கடல் தெரியும் என்றார்கள். தெரிவது பக்கத்து அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டிதான். கடல் வேண்டுமென்றால் கோவளத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இதைப் பற்றி அங்கே குடியிருப்பவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறப்பதானால் உரிமையாளர் நலச் சங்கத்திடம் போய்த் திறக்க வேண்டும். அங்கே போய் வாயைத் திறந்தவர்கள் கொட்டாவி விட்டுத்தான் மூடியிருக்கிறார்கள்.

சங்கத்தின் தலைவர் ராஜேந்திரன். ஏதோ ஒரு துறையில் ஏதோ ஒரு பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் வாய்க்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. செயலாளர் அமிர்தவல்லி, தலைவர் தும்மினாலும் அதைத் தீர்மானமாக எழுதிக்கொள்கிற அம்மாள். இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு நல்ல நாளில் அந்த இடத்தை ‘வாகனமற்ற நடைவளாகம்’ என்று அறிவித்தார்கள். பள்ளி வேன் உள்ளே வரக்கூடாது. ஆட்டோ வரக்கூடாது. பைக் வைத்திருப்பவர்கள் வாசலுக்கு வெளியே ஒரு கொட்டகையில் அதை நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். கார் மட்டும் அடித்தளத்தில் ஓடுவதால் அது வளாகத்தில் ஓடுவதாகாது என்று விளக்கம் சொன்னார்கள். கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்க, தீர்மானம் நிறைவேறியது.

சக்கரம் வைத்த இரண்டே இரண்டு சாமான்களுக்கு விலக்கு உண்டு. ஒன்று, கைக்குழந்தைகளை வைத்துத் தள்ளும் குழந்தை வண்டி. இன்னொன்று, குப்பை வண்டி. அதிலும் குப்பை வண்டி விஷயத்தில் சங்கம் ரொம்பக் கண்டிப்பு. ஒருமுறை தலைவர் வீட்டுக்குச் சம்பந்தி வந்திருந்த நேரம் பார்த்து அது அவர் பால்கனிக்குக் கீழேயே சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. சம்பந்தியம்மாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அன்று முதல், குப்பை வண்டியை வழியில் யாரும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது, எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாந்தி சாகரத்தின் முதல் சட்டம்.

கிருபாகரன் வீடு வாங்கியது ஜே பிளாக்கில். வளாகத்தின் கடைசிக் கட்டடம் அது, கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் பக்கத்தில். அதனால்தான் அவன் வாங்கக்கூடிய கடனுக்குள் அது வந்தது. தாத்தா காலம்வரை அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பம். சொந்த வீடு என்று சாவி வாங்கிப் பூட்டைத் திறந்த முதல் ஆள் இவன்தான். ஆகவே சங்கம் என்றால் அவனுக்கு ஒரு மரியாதை. சங்க அலுவலகத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசிப்பான், யோசித்துவிட்டுக் கழற்றியும்விடுவான்.

அவன் மனைவி ரூத் கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவாள். பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது கிருபாகரன் பொறுப்பு. ஏற்றிவிட்டு ஓடினால்தான் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். வேன் போய்விட்டால் பைக்கில் பிள்ளைகளைத் திருப்போரூர்ப் பள்ளிவரை கொண்டுபோய் விட வேண்டும். அப்புறம் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது முதல் டீ முடிந்திருக்கும்.

பிள்ளைகள் இரண்டு. ஜோயலுக்கு ஆறு நடக்கிறது, ஜெபாவுக்கு நாலரை. இரண்டும் நன்றாகத் தின்று, தின்றதையெல்லாம் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்ட பிள்ளைகள். நடக்கத் தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும். ஆனால் ஜோயல் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்த கம்பத்துக்கு வருவான். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பிப் போய்த் தொடுவான். ஜெபா எறும்பைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள். ஜே பிளாக்கிலிருந்து வாசல்வரை உள்ள பாதையோ, ஆரோக்கிய நடை என்ற பெயரில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டது. எறும்புக்கும் பஞ்சமில்லை, கம்பத்துக்கும் பஞ்சமில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. கிருபாகரன் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் இரண்டு பைகளைக் கழுத்திலும் போட்டுக்கொண்டு ஓடினான். ஒரே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பெனி நண்பன் ஒருவன், தன் இரட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கிய பழைய இரட்டைக் குழந்தை வண்டியைக் கொடுத்தான். ஜோயலும் ஜெபாவும் அதில் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மூன்றாம் நாள் நீரூற்றுக்குப் பக்கத்தில் முன்சக்கரம் கழன்று தனியாக வாசலை நோக்கி உருண்டது. அதைக் காலால் நிறுத்தியவர் காவலாளி தர்மராஜ்.

“இன்னா சார் இது? எரும மாட்டுக் கன்னுக்குட்டிங்கள தொட்டில்ல போட்டாமாரி கீது,” என்றார் தர்மராஜ். “இது கைக்கொயந்த வண்டி சார். பெரிய புள்ளைங்கள இதுல இட்டுகினு வரக்கூடாதுனு ரூல்ஸ் கீது. செயலாளரம்மா பாத்தாங்கனா என் சட்டய கய்ட்டிடுவாங்க.”

“அண்ணாத்த, வேன் ஆரன் அடிக்குது.”

“அடிக்கட்டும். ஆரனுக்கு ரூல்ஸ் கெடையாது. வண்டிக்கு கீது.”

அன்று வேன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கிருபாகரன் எழுந்து நின்றான். ரொம்ப எளிமையான கோரிக்கைதான் வைத்தான். காலையில் ஒரு ஐந்து நிமிஷம் வேனை உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக அனுமதிக்க வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு நீளும் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர் மெதுவாக நழுவினார்கள்.

“திரு. கிருபாகரன் ஒரு வேனைப் பற்றிப் பேசினார். நான் அதை வேனாகப் பார்க்கவில்லை. ஒரு வாய்ப்பாகப் பார்க்கிறேன்,” என்று தொடங்கினார் தலைவர். “பெரிய குழந்தைகளுக்கான இரட்டை வண்டி எது என்று இந்த ஓ.எம்.ஆர். சாலையில் எந்தச் சங்கமாவது சிந்தித்திருக்கிறதா? இல்லை! நாளைக்கே ஒரு வண்டியை அனுமதிப்பது சுலபம். சுலபமானதைச் செய்ய உங்களுக்குச் சங்கம் எதற்கு? ஒரு பிரச்சினை நம்மிடம் வந்தால் அது வந்த அளவிலேயே திரும்பிப் போகக் கூடாது. வளர்ந்து போக வேண்டும். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.”

கைதட்டல் எழுந்தது. கிருபாகரனும் தட்டினான். அந்த இடத்திலேயே ‘இரட்டை வண்டித் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் அதற்கும் தலைவர், செயலாளர் அதற்கும் செயலாளர். ஆலோசகராக ஜெயக்குமார் என்பவரை வரவழைத்தார்கள். குழந்தைகளின் நடமாட்ட வல்லுநர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட அவர், அமிர்தவல்லியின் தங்கை கணவர் என்பதைத் தனியாக அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. பிள்ளை கிடையாது, அதனால் பாரபட்சமில்லாமல் முடிவெடுப்பார் என்றார் அமிர்தவல்லி.

முதல் கேள்வி, வண்டியில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டுமா, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக உட்கார வேண்டுமா என்பது. பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி அகலமாகும், பாதையில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்றது ஏ பிளாக். முன்பின்னாக உட்கார்ந்தால் பின்னால் உட்காருகிற பிள்ளைக்கு முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும், அதன் எதிர்காலமே பாழாகும் என்றது பி பிளாக். வாட்ஸப் குழு இரண்டாக உடைந்தது. பக்கத்துக் கட்சி, முன்பின் கட்சி என்று பேர் வந்தது. பத்து வருஷமாகக் கிண்ணத்தில் குழம்பு மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தின. பிள்ளையே இல்லாதவர்களும், பிள்ளைகளை அமெரிக்காவில் கட்டிக்கொடுத்தவர்களும்தான் இதில் அதிகம் சண்டை போட்டார்கள். வண்டி வேண்டிய கிருபாகரனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “எப்டி ஒக்காந்தாலும் பரவால்ல சார், வேன் வர்றதுக்குள்ள போய்ச் சேரணும்,” என்று சொல்லியிருப்பான். அந்தக் கட்சிக்கு ஆளில்லை.

ஆகஸ்டில் நடைத் தகுதிச் சோதனை நடந்தது. வண்டி வேண்டுமென்றால் பிள்ளைகளால் நடக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டுமல்லவா? ஜோயலையும் ஜெபாவையும் கிளப் ஹவுஸ் வாசலில் நிறுத்தினார்கள். பாதையின் மறுமுனையில் ஜெயக்குமார் ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் பெரிய சாக்லேட் பாக்கெட்டுமாக நின்றார். ஊக்கம் கொடுக்காவிட்டால் அறிவியல்பூர்வமாக இருக்காதாம். விசில் ஊதியதும் இரண்டு பிள்ளைகளும் பேய் பிடித்த மாதிரி ஓடின. கம்பத்தையும் காணோம், எறும்பையும் காணோம்.

“பார்த்தீர்களா?” என்றார் ஜெயக்குமார், கடிகாரத்தைத் தலைவரிடம் நீட்டியபடி. “இந்த வேகத்தில் ஓடினால் வேனையே முந்திவிடுவார்கள்.”

“சார், தெனமும் சாக்லேட் வச்சுகினு அங்க யார் நிக்கறது?” என்று கேட்டான் கிருபாகரன்.

“அது எங்கள் குழுவின் வரம்புக்குள் வராது. அதற்குத் தனிக் குழு போட வேண்டும்,” என்றார் அமிர்தவல்லி.

சாக்லேட் தின்ற ஜெபாவுக்கு அன்று ராத்திரி வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலை மூன்று முறை பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் வேன் மறுபடியும் போனது. தொழிற்சாலையில் மேலாளர் கிருபாகரனைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார். “கிருபா, ஒன் வேல சுத்தம். நேரந்தான் பேஜாரு. இதுக்கு மேலயும் லேட்டா வந்தினா ஒனக்கு பதிலா வேற ஆள் எடுத்துடுவாங்க. அப்பறம் என்கிட்ட வந்து அழுவாத.”

ரூத்திடம் அவன் இதைச் சொன்னபோது அவள் யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். “நானும் நைட்டு டூட்டி கேட்டுப் பாத்துட்டேன். குடுக்க மாட்றாங்க. ஒன் வேல போச்சுனா வூட்டு லோன எவன் கட்டறது? சங்கமா கட்டும்?” என்றாள். அப்புறம் தணிந்த குரலில், “அந்தாளுங்க காலப் புடிச்சினாச்சும் சீக்கிரம் முடிக்கச் சொல்லு,” என்றாள்.

கிருபாகரன் காலைப் பிடித்தான். பலன், கல்விச் சுற்றுலாவாக வந்தது. பெரிய பிள்ளைகளைப் பெற்றோர் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று நேரில் ஆராய்வதற்காகத் தேர்வுக் குழு மாமல்லபுரத்துக்குக் கிளம்பியது. கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு நாள். ‘பயனாளி’ என்ற முறையில் கிருபாகரனும் பிள்ளைகளோடு வர வேண்டும் என்றார்கள். பயனாளிக்கு அறை கிடையாது. காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போக வேண்டும். குழு மத்தியானச் சாப்பாட்டில் இறால் எப்படி இருந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது இவன் வெளியே ஒரு வேலிக்காத்தான் மர நிழலில் பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாதம் ஊட்டினான்.

வெயில் தாழ்ந்ததும் கள ஆய்வு. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இரண்டு பெரிய பிள்ளைகளை நாலு சக்கரத் துணி வண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போனது. கிருபாகரனுக்குக் கண் விரிந்தது. “சார், சார், அதாங்க சார்! அதுமாரி ஒண்ணு போதும்!” என்று கத்தியேவிட்டான்.

“அது இழுக்கும் வண்டி,” என்றார் ஜெயக்குமார். “நம் குழு தள்ளும் வண்டிக்காக அமைக்கப்பட்டது.”

அந்தக் குடும்பம் கடலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. குழு பெரிய சிற்பப் பாறையின் முன்னால் வந்து நின்றது. அங்கே யானைகளின் காலடியில் நிற்கும் குட்டிகளைத் தலைவர் வெகுநேரம் பார்த்தார். “எவ்வளவு பெரிய குட்டிகள்! ஒன்றாவது வண்டியில் போகிறதா?” என்று கேட்டார். அமிர்தவல்லி குறித்துக்கொண்டார். பிறகு ஐந்து ரதங்களுக்குப் போனார்கள். அங்கேதான் தலைவருக்கு ஞானம் பிறந்தது. ஜெபாவைத் தோளில் சுமந்து வியர்த்துக்கொண்டிருந்த கிருபாகரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“இதற்குப் பெயர் ரதம். அப்படியென்றால் என்ன? வண்டி. ஒரே கல்லில் செய்த வண்டி. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகிறது, ஒரு விபத்து உண்டா? சக்கரம் கழன்றதுண்டா? ஒரு புகார் வந்ததுண்டா? ஏன்? நகரவில்லை! ஐயா, நகர்ந்தால்தான் சிக்கல். நிர்வாகத்தில் முப்பது வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்டதை இந்தச் சிற்பிகள் அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.”

குழு மெய்ம்மறந்து நின்றது. ஜெபா தகப்பன் தோளிலேயே தூங்கிப்போனாள். கிருபாகரனுக்கு முதல் முறையாக, அடிவயிற்றில் எங்கேயோ, ஒரு கோபம் புரண்டு படுத்தது. சங்கத்தின் மேல் தனக்குக் கோபம் வருவதைப் பார்த்து அவனே பயந்துபோனான். அதை அடக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

மழைக்காலம் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் ரெயின்கோட்டுக்குள் போட்டுச் சுமந்தபடி, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓடினான். தினமும் வேனின் பின்பக்கத்தைத் தட்டி நிறுத்தி ஏற்றினான். டிசம்பரில் குழு தன் முடிவை அறிவித்தது. பக்கத்துக் கட்சியும் தோற்கக் கூடாது, முன்பின் கட்சியும் தோற்கக் கூடாது என்பதற்காக, ஓர் இருக்கை அரை அடி முன்னாலும் மற்றது அரை அடி பின்னாலுமாகக் கோணலாக அமைந்த ஒரு வெளிநாட்டு வண்டியை ஜெயக்குமார் தேடிப் பிடித்திருந்தார். அதை இறக்குமதி செய்யும் கடை யாருடையது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கனத்த இரும்பு, தடித்த டயர், குழந்தைகள் தாங்களாகக் கழற்றிக்கொண்டு இறங்க முடியாத ஐந்து வார்ப் பூட்டு. வண்டி என்னவோ நல்ல வண்டிதான். அதைத் தள்ளிக்கொண்டு ஓடினால் வேனையும் பிடிக்கலாம், கம்பெனி பஸ்ஸையும் பிடிக்கலாம் என்று கிருபாகரன் கணக்குப் போட்டான். அன்று ராத்திரி வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினான்.

தொடக்க விழாவை ஒரு புதன்கிழமை காலை வைத்தார்கள். நல்ல நேரம் பார்த்து வைத்ததில் அது சரியாக வேன் வருகிற நேரமாக அமைந்தது. நீரூற்றுக்குப் பக்கத்தில் பாதையின் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் பந்தல், நாற்காலிகள், மாலை போட்ட வண்டி. அந்தப் பக்கம் வாசல். ரிப்பன் வெட்டும்வரை யாரும் தாண்டக் கூடாது என்று தர்மராஜைக் கம்போடு நிறுத்தியிருந்தார்கள்.

கிருபாகரன் இரண்டு பிள்ளைகளையும் தலைவாரி, பொட்டு போடாத நெற்றியில் பவுடர் போட்டு, பள்ளிப் பையோடு கூட்டிக்கொண்டு வந்தான். முதல் பயணிகள் அவர்கள்தானே. தலைவர் பேசத் தொடங்கினார். மாமல்லபுரத்து யானைக் குட்டிகளிலிருந்து தொடங்கினார். வாசலில் வேன் வந்து நின்று ஆரன் அடித்தது.

“சார், வேன் வந்துடுச்சு,” என்றான் கிருபாகரன்.

“வேன்கள் வரும், போகும். வரலாறு ஒருமுறைதான் வரும்,” என்று தலைவர் பேச்சோடு பேச்சாகச் சேர்த்துக்கொண்டார். கைதட்டினார்கள்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்து, பயணிகளை ஏற்றும் கட்டம் வந்தது. அமிர்தவல்லி மூக்குக் கண்ணாடி வழியாக ஜோயலைப் பார்த்தார். “பையனுக்கு என்ன வயசு?”

“போன வாரந்தான் ஆறு முடிஞ்சுதுங்க.”

“ஐயையோ. தீர்மானம் ஆறு முடியாத குழந்தைகளுக்குத்தானே.”

“அம்மா, கேக்கும்போது அஞ்சுதாம்மா. நீங்க எட்த்துகினு வர்றதுக்குள்ள வளந்துட்டான்.”

“வளர்ந்தது எங்கள் தவறா?” என்றார் அமிர்தவல்லி. நியாயமான கேள்விதான். ஜெபாவை மட்டும் ஏற்றலாமா என்று கிருபாகரன் கெஞ்சினான். இரட்டை வண்டியில் ஒற்றைப் பிள்ளை ஏறினால் பாரம் சாயும், கூடாது என்றார் ஜெயக்குமார். வேன் மறுபடி ஆரன் அடித்தது. இந்த முறை நீளமாக.

முதல் பயணி இல்லாமல் விழா எப்படி நடக்கும்? போட்டோக்காரன் காத்திருக்கிறான். தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியின் உறுதியைத் தானே நிரூபிப்பதாகச் சொல்லி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின் இருக்கையில் அமிர்தவல்லி பட்டுப் புடவையோடு உட்கார்ந்தார். ஜெயக்குமார் பெருமையோடு இரண்டு பேருக்கும் ஐந்து வார்களையும் மாட்டினார். டக் டக் என்று பூட்டுகள் விழுந்தன. இரண்டு பேரும் அதில் அவ்வளவு பாங்காகப் பொருந்தினார்கள். அளவெடுத்துச் செய்தது யாருக்கு என்று அப்போதுதான் கிருபாகரனுக்கு விளங்கியது.

அடிவயிற்றில் புரண்டு படுத்திருந்த கோபம் எழுந்து உட்கார்ந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பாதையின் வளைவில் கன்னியம்மா குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வளாகத்தில் வீடுவீடாகக் குப்பை எடுப்பவள் அவள். பழைய வண்டியின் அச்சு முறிந்துவிட்டதால், பொங்கலுக்குத் திறந்துவைப்பதற்காகப் பூட்டி வைத்திருந்த புது வண்டியை அன்றுதான் முதல்முதலாக வெளியே எடுத்திருந்தாள். மூன்று தடித்த சக்கரம், அதன் மேல் இரண்டு ஆழமான தொட்டி, பக்கத்தில் பக்கத்தில். பழைய வண்டி மாதிரியே ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்த குப்பைக்கு நீலம். பளபளவென்று, மேலே சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. இன்னும் ஒரு வீட்டுக் குப்பையும் அதில் விழவில்லை.

கிருபாகரன் யோசிக்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடினான். ஜோயலைத் தூக்கி நீலத்தில் இறக்கினான். ஜெபாவைத் தூக்கிப் பச்சையில் இறக்கினான்.

“அண்ணாத்த! இன்னா பண்ற? என் வேல பூடும்!” என்று பதறினாள் கன்னியம்மா.

“என் வேல ஏற்கெனவே பூட்டுதுக்கா. தள்ளு!”

அவள் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தள்ளினாள். இவனும் கூடச் சேர்ந்து தள்ளினான். தர்மராஜ் தூரத்தில் பச்சையும் நீலமும் தெரிந்ததுமே பழக்க தோஷத்தில் விசில் ஊதினார். “குப்ப வண்டி! குப்ப வண்டி! ஓரம் போ, வயி வுடு!”

பந்தல் முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் விலகின. பக்கத்துக் கட்சியும் முன்பின் கட்சியும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பின. புத்தம்புது வண்டியில் என்ன நாற்றம் வந்ததோ தெரியாது. அத்தனை பேரில் ஒருவரும் அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. யாரும் எப்போதும் பார்த்ததில்லை. “ரிப்பனைத் தூக்குங்கள்! அதை நிறுத்தாதீர்கள்! போகட்டும், போகட்டும்!” என்று தன் இருக்கையில் கட்டுண்டு கிடந்தபடி தலைவர் கத்தினார். தர்மராஜ் கம்பால் ரிப்பனைத் தூக்கிப் பிடித்தார். அதன் கீழே ஜோயலும் ஜெபாவும் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி போனார்கள். ஜெபா எல்லாருக்கும் கையை ஆட்டினாள்.

வேன் நகரத் தொடங்கியிருந்தது. பின்பக்கத்தைத் தட்டி நிறுத்தினார்கள். கிருபாகரன் கம்பெனி பஸ்ஸையும் பிடித்துவிட்டான்.

சாயங்காலம் வந்தபோது வீட்டில் ரூத் பிள்ளைகளை இரண்டாம் முறையாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“எம் புள்ளைங்க இன்னா குப்பையா?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“புது டப்பா ரூத். பேப்பர்கூட பிரிக்கல.”

“டப்பா புதுசு. நம்மள பாக்கற அவங்க கண்ணு? அது பழசுதான?” கிருபாகரன் ஜெபாவின் தலையைத் துவட்டத் துண்டை எடுத்துக்கொண்டான். “வேன புட்ச்சிட்டோம்,” என்று மட்டும் சொன்னான்.

ராத்திரி சாப்பிடும்போது சங்கத்தின் சுற்றறிக்கை வாட்ஸப்பில் வந்து விழுந்தது. ரூத் அதைச் சத்தமாகப் படித்தாள். காலையில் நடந்தது சங்கத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. குப்பை வண்டியை நிறுத்தக் கூடாது என்பது முதல் சட்டம் என்பதால், அதில் எது ஏற்றப்பட்டிருந்தாலும் அதை நிறுத்த இயலாது. நிறுத்தினால் தலைவர் பால்கனிக்குக் கீழே நிற்க நேரிடும். எனவே ஜே பிளாக் பிள்ளைகளை மறு உத்தரவு வரும்வரை, குப்பை எடுக்கும் நேரத்துக்கு முன்பாக, அதில் கொண்டுசெல்லலாம். தரம் பிரிக்கும் விதி மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும். புதிய இரட்டை வண்டியோ, மேலும் ஆராய்வதற்காக, நிர்வாகிகள் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படுகிறது.

“அந்த ரெண்டு பேரும் எறங்கவே இல்லியாம்,” என்றான் கிருபாகரன். “பூட்ட கய்ட்ட ஜெயக்குமாருக்கு சாயங்காலம் வரிக்கும் ஆச்சாம். அதுக்குள்ள அவங்களுக்கு புட்ச்சிப் போச்சாம்.”

ரூத் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அவளுக்கு வாராந்திர விடுமுறை. காலையில் அவளே தொட்டிகளுக்குள் பழைய போர்வையை மடித்துப் போட்டு மெத்தையாக்கினாள். கன்னியம்மா ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் ரூத் பிடித்தாள். பாதி வழியில், நீரூற்றுக்குப் பக்கத்தில், எதிரே இரட்டை வண்டி வந்தது. தலைவர் முன்னாலும் செயலாளர் அரை அடி பின்னாலுமாக, வார் மாட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். தர்மராஜ் வியர்வை சொட்டத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பாதை குறுகல். இரண்டு வண்டியும் முகத்துக்கு முகம் வந்துவிட்டன. தர்மராஜ் ஒரு கணம் விழித்தார். பிறகு முதல் சட்டம் ஞாபகம் வந்தது. தலைவரையும் செயலாளரையும் ஒரே தள்ளாக ராத்திரி மழையில் ஊறியிருந்த புல்தரைக்குத் தள்ளினார். சக்கரங்கள் சேற்றில் அச்சுவரை இறங்கின. தலைவர் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அவிழ்க்க முடியாத கோபத்தில் அவர் கண் குப்பை வண்டியின் மேல் விழுந்தது. முதன்முதலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தரம் பிரித்திருக்கிறதா?” என்று கேட்டார்.

“பிரிச்சிக்கீது சார்,” என்றாள் ரூத், கை எடுக்காமல் தள்ளிக்கொண்டே. “பொண்ணு காலைல படுக்கைய நனச்சிட்டா. பச்சையில போட்டுக்கீறேன். பையன் காஞ்சவன், நீலம். ஒங்க ரெண்டு பேரையும் எதுல போடறதுனு எங்களுக்குத் தெரில. அதுக்கு ஒரு குழு போட்டுக்கோங்க.”

வாசலில் வேன் ஆரன் அடித்தது. குப்பை வண்டி நிற்காமல் போனது.